மிளகு ஊறிய தண்ணீரும் ஒரு கண்ணாடி மணியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்த கதையை நாலு வரி எழுதினாலும் எழுதினேன், செல்லைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றிக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழ் உங்களுக்கு.

ராபர்ட் ஹூக், லூவன்ஹூக் இரண்டு பேரும் அண்ணன் தம்பியா? பரீட்சையில் எப்போதும் மாற்றி எழுதிவிடுகிறேன்.
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேனி)

அண்ணன் தம்பியும் இல்லை, பங்காளியும் இல்லை. ஒருவர் இங்கிலாந்துக்காரர், இன்னொருவர் டச்சுக்காரர். லூவன்ஹூக் என்பதில் 'லூவன்' சிங்கம், 'ஹூக்' மூலை. டெல்ஃப்ட் என்ற ஊரில் சிங்க வாசல் என்று ஒரு நகர வாசல் இருந்தது, அதை ஒட்டிய மூலை வீடு அந்தக் குடும்பத்துடையது, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நம்மூரில் 'மூலைவீட்டுக்காரர்' என்போமே, அதேதான். ராபர்ட் ஹூக்கின் பெயருக்கும் இந்த மூலைக்கும் சம்பந்தமில்லை.

பரீட்சைக்கு இப்படி வைத்துக்கொள்ளம்மா. ஹூக் படித்தவர், லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் வாராவாரம் சோதனைகள் செய்து காட்டுவதே அவர் உத்தியோகம், 1665-இல் புத்தகம் போட்டார், 'செல்' என்ற சொல் அதில் வந்தது. லூவன்ஹூக் ஜவுளிக்கடைக்காரர். கல்லூரிப் பக்கம் போனதில்லை, லத்தீன் தெரியாது, டச்சு மட்டும்தான். உயிரோடு நீந்துகிற, ஒரே செல்லால் ஆன உயிரிகளை 1674-இலும், பாக்டீரியாவை அதற்கு இரண்டு வருடம் கழித்தும் பார்த்து எழுதினார். புத்தகம் ஹூக், ஜவுளி லூவன்ஹூக். இனி மாறாது.

ஹூக் 'தக்கை'யில் செல்லைப் பார்த்தார் என்று முப்பது வருடம் பாடம் நடத்தினேன். ஒரு பையனாவது 'தக்கை என்றால் நெட்டியா சார்?' என்று கேட்பான். நானும் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் என்ன அது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

தஞ்சாவூர்ப் பையன்கள் நெட்டியைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்! ஐயா, நெட்டி குளத்தில் வளரும் செடியின் தண்டு. ஹூக் எடுத்தது பாட்டிலை அடைக்கும் கார்க். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையை உரித்துச் செய்வது. உயிர் போன செல்கள், உள்ளே காற்று, சுற்றிலும் சுவர், அவ்வளவுதான்.

அவர் எப்படிப் பார்த்தார் என்பதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் சுவாரசியம். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி மாதிரித் தீட்டி, முதலில் கார்க்கின் மேற்பரப்பை வழவழப்பாகச் சீவினார். அப்போது துளைகள் இருப்பதுபோல் தெரிந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அதே இடத்திலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, கார்க் வெள்ளையாக இருப்பதால் கறுப்புத் தட்டின் மேல் வைத்து, ஒரு தடித்த லென்ஸால் வெளிச்சத்தை அதன்மேல் குவித்தார். தேன்கூடு மாதிரி தெரிந்தது. கண்ணறைகள் ஒழுங்காக இல்லை, ஆனால் தேன்கூடுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. துறவிகள் தங்கும் சிறு அறைகளைப் பார்த்துப் பெயர் வைத்தார் என்று பல புத்தகங்களில் இருக்கிறதே, அவர் எழுதிய பக்கத்தில் துறவி யாரும் கிடையாது, தேன்கூடுதான் இருக்கிறது.

மனுஷன் அதோடு விடவில்லை, எண்ண உட்கார்ந்துவிட்டார். ஒரு அங்குலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகள். அப்படியென்றால் ஒரு அங்குலத்துக்கு 1,080. ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் நம் நாட்டு மக்கள்தொகையே 121 கோடிதான், அதைவிடக் கூடுதல் பேர் ஒரு பாட்டில் மூடிக்குள் குடியிருக்கிறார்கள். கண்ணால் பார்க்காவிட்டால் நம்பவே முடியாது என்கிற தொனியில் அவரே எழுதியிருக்கிறார்.

இதில் அவர் தேடியது உயிரின் அடிப்படை அலகை இல்லை என்பதைக் கவனியுங்கள். கார்க் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அமுக்கினால் ஏன் அமுங்கி மறுபடி எழும்புகிறது என்பதுதான் அவர் கேள்வி. மூடிய சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது என்று கண்டதும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வேலை என்றால் ஈயின் கண், பேன், தெள்ளுப்பூச்சி. எறும்பை வரைய முயன்றிருக்கிறார், அது ஒரு இடத்தில் நிற்கவில்லை, பிராந்தியில் முக்கி எடுத்துவிட்டார்! ஒரு மணி நேரம் போதையில் கிடந்த எறும்பு, படம் முடிந்தபின் எழுந்து ஓடிப்போனதாக எழுதியிருக்கிறார்.

நுண்ணுயிரைக் கண்டுபிடித்ததற்கு மிளகுதான் காரணம் என்று பேரன் சொல்கிறான். ரீல் விடுகிறானா?
(மளிகை வியாபாரி, விருதுநகர்)

பேரன் சொன்னதில் முக்கால்வாசி உண்மை, அண்ணாச்சி. லூவன்ஹூக் ஏரித் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் ஏற்கெனவே சின்ன உயிர்களைப் பார்த்திருந்தார். மிளகு வந்தது 1676-இல். மிளகு நாக்கில் ஏன் உறைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, முழு மிளகைத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார். தண்ணீர் வற்றவற்ற, எடுத்து வைத்திருந்த பனித்தண்ணீரை ஊற்றினார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதம் ஒருநாள் அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தால், அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விடச் சின்னதாக, கணக்கில்லாமல் என்னவோ நெளிகின்றன. பாக்டீரியா. மனிதன் அதைப் பார்த்ததாக எழுதிவைத்த முதல் பதிவு அதுதான்.

அந்த மிளகு டச்சுக்காரர்களுக்குக் கீழைநாடுகளிலிருந்து போனது. 1663-இல் கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்ததே முக்கியமாக இந்த வியாபாரத்துக்காகத்தான். உங்கள் கடை டப்பாவில் இருக்கும் சரக்குக்கு இப்படி ஒரு பெருமை உண்டு, போர்டில் எழுதி மாட்டுங்கள்.

1676 அக்டோபரில் இதையெல்லாம் நீளக் கடிதமாக ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஒரு துளியில் இத்தனை ஆயிரம் பிராணிகள் என்றால் யார் நம்புவார்கள்? நெஹமையா க்ரூ என்பவரைப் பார்க்கச் சொன்னார்கள், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. லூவன்ஹூக்கோ மதகுருமார்கள், நோட்டரி என்று ஊர்ப் பெரியமனிதர்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, 'ஆமாம், நாங்களும் பார்த்தோம்' என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தார். கடைசியில் ஹூக் தானே மிளகை ஊறப்போட்டு உட்கார்ந்தார். 1677 நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டத்தில் காட்ட முடியவில்லை, 8-ஆம் தேதியும் முடியவில்லை, 15-ஆம் தேதி தெரிந்தது, கூட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. 1680-இல் ஜவுளிக்கடைக்காரரை ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிக்கொண்டது.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் செய்துபார்த்துச் சரி என்று சொன்ன அந்த மூன்று வாரம், என் கணக்கில், கார்க்கைப் பார்த்த நாளைவிடப் பெரியது.

லூவன்ஹூக் லென்ஸ் செய்த ரகசியம் அவரோடு போய்விட்டது என்கிறார்களே, இன்றைய கருவிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?
(பொறியாளர், கோவை)

கண்டுபிடித்துவிட்டார்கள், 2021-இல்.

முதலில் பின்னணி. ஹூக் வைத்திருந்தது குழாயில் இரண்டு மூன்று லென்ஸ் கோத்த பெரிய கருவி. அந்தக் காலத்து லென்ஸில் பொருளின் ஓரமெல்லாம் வானவில் மாதிரி நிறம் பிசிறும், ஒன்றன்மேல் ஒன்றாக லென்ஸ் வைத்தால் பிசிறும் சேர்ந்து பெருகும். லூவன்ஹூக்கின் கருவியோ உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைத் தகடு, நடுவில் ஒரே ஒரு குட்டி லென்ஸ், பொருளைக் குத்திவைக்க ஒரு ஊசி, நகர்த்த இரண்டு திருகு. கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். 500-க்கு மேல் செய்தார், இன்று மிஞ்சியிருப்பது பத்துச் சொச்சம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருக்கும் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கும். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு வந்தவர்களிடம் நல்ல லென்ஸின் வழியை மட்டும் சொல்லவே மாட்டார். சாகும்போது 26 வெள்ளி நுண்ணோக்கிகளை ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார், அத்தனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கேயோ தொலைந்துபோயின. இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மிஞ்சியவற்றில் லென்ஸ் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அறையப்பட்டிருக்கிறது. பிரித்தால் போச்சு. அதனால் டெல்ஃப்டில் இருக்கும் ஆய்வு அணு உலையில் நியூட்ரான் கற்றையை உள்ளே செலுத்திப் படம் எடுத்தார்கள். நியூட்ரான் உலோகத்தைத் தாண்டிப் போய்விடும், கண்ணாடியின் வடிவம் தெரியும். சுமாராகப் பெரிதாக்கும் கருவியில் சாதாரணமாகச் சாணைபிடித்த லென்ஸ். 270 மடங்கு உட்ரெக்ட் கருவியில் ஒரு குட்டிக் கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஒடிந்துபோன காம்பு!

இந்தக் காம்பில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணாடித் துண்டைச் சுடரில் காட்டி இழையாக இழுத்து, இழையின் நுனியை மறுபடி சுடரில் பிடித்தால் அது தானே உருகி ஒரு மணியாகத் திரளும், அதை ஊசித்துளை போட்ட தகட்டில் பொருத்திப் பார்க்கலாம் என்று 1665-லேயே ஒருவர் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். யார் என்கிறீர்கள்? ராபர்ட் ஹூக், தன் புத்தகத்தின் முன்னுரையில்! பெரிய கருவியைவிட இதில் நன்றாகத் தெரியும் என்றும் ஒப்புக்கொண்டு, ஆனால் கையாள்வது பெரும் தொல்லை, கண்ணும் கெடுகிறது என்று அவர் அதை விட்டுவிட்டார். உலகத்துக்கே சமையல் குறிப்பைச் சொன்னவர் அந்தச் சமையலைச் சாப்பிடவில்லை. சாப்பிட்டவர் வாயே திறக்கவில்லை.

ஹூக்கிடமிருந்துதான் லூவன்ஹூக் கற்றார் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் யோஹன்னஸ் ஹுட்டே என்பவரும் அதே காலத்தில் இப்படி மணி உருக்கிக்கொண்டிருந்தார். ஆனால் மூடிமூடி வைத்த ரகசியம் ஏற்கெனவே அச்சில் இருந்த ஒன்று என்பது எனக்குச் சிரிப்பாக வருகிறது. கணக்குப் பார்க்க ஆசைப்படும் பொறியாளருக்கு: கண்ணாடி உருண்டையின் குவியத் தூரம் ஏறத்தாழ விட்டத்தில் முக்கால்வாசி. விட்டம் 1.3 மில்லிமீட்டர் என்றால் குவியத் தூரம் சுமார் 1 மில்லிமீட்டர், உருப்பெருக்கம் 250-ஐ ஒட்டி வரும். உருண்டை சிறுத்தால் உருவம் பெருக்கும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் குழுவினர் கொண்டுவந்த, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பிலும் குட்டி லென்ஸ்தான் இருக்கிறது.

ஹூக் செல்லைப் பார்த்தது 1665, செல் கொள்கை வந்தது 1838-39. நடுவில் 170 வருடத்துக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?
(உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல்)

பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அது என்னவென்று தெரியாமல்.

பாதிக் குற்றம் கண்ணாடியின்மேல். மேலே சொன்ன நிறப் பிசிறு 1830-இல்தான் ஒழுங்காக அடங்கியது. அதைச் செய்தவர் ஜோசஃப் ஜாக்சன் லிஸ்டர், லண்டன் ஒயின் வியாபாரி. (மறுபடியும் வியாபாரி! அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த லிஸ்டர் இவர் மகன்தான்.) அதற்குப் பிறகுதான் விலங்குத் திசுவில் தெளிவாக ஏதாவது தெரிய ஆரம்பித்தது. செடிக்குத் தடித்த சுவர் உண்டு, மோசமான லென்ஸிலும் தெரியும். விலங்குச் செல்லுக்கு அது இல்லை. மீதிப் பாதிக் குற்றம் பெயரின்மேல். அறை என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே குடியிருப்பவரைக் கவனிக்கவில்லை. 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செல்களில் உட்கருவைச் சுட்டிக்காட்டிப் பெயரும் வைத்தபிறகுதான் பார்வை உள்ளே திரும்பியது. செடி முழுக்கச் செல்லால் ஆனது என்று ஷ்லைடனும், விலங்கும் அப்படித்தான் என்று ஷ்வானும் சொன்னார்கள், அதுதான் செல் கொள்கை.

டீச்சர், இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் சொல்லாத ஆள் ராபர்ட் ரீமாக். ஷ்லைடனும் ஷ்வானும் புதுச் செல் சர்க்கரைப் பாகில் கற்கண்டு கட்டுவதுபோல் படிந்து உருவாகிறது என்று நினைத்தார்கள், அது தப்பு. பெர்லினில் கோழிக்கருவையும் தவளைக்கருவையும் வருடக்கணக்கில் பார்த்து, செல் பிளந்துதான் செல் வருகிறது என்று 1852-இல் எழுதியவர் ரீமாக். மூன்று வருடம் கழித்து விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் 'எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே' என்று எழுதினார், ரீமாக்குக்கு உரிய இடம் தரவில்லை, வாசகமும் புகழும் விர்ச்சோவோடு ஒட்டிக்கொண்டன. ரீமாக் யூதர், மதம் மாற மறுத்தவர், அந்தக் காலப் பிரஷியாவில் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. அடுத்தமுறை விர்ச்சோ பாடம் வரும்போது இவர் பெயரையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

நாங்கள் படித்த புத்தகங்களில் செல் என்று இல்லை, 'கலம்' என்றுதான் இருக்கும். நுண்ணோக்கியும் எங்களுக்கு 'நுணுக்குக்காட்டி'. எது சரி?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டும் சரி. ஆனால் கலம் எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம் பழைய கதையிலேயே இருக்கிறது. ஹூக் அறை என்றார், அது சுவரைப் பற்றிய சொல். அதே காலத்தில் செடிகளை வெட்டிப் பார்த்த இத்தாலிக்காரர் மார்செல்லோ மால்பீகி லத்தீனில் வைத்த பெயருக்குச் சின்னத் தோல்பை என்று பொருள். உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லும் சொல். கலமும் அப்படித்தானே, வெறும் அறை இல்லை, எதையோ ஏந்துவது. மால்பீகி தமிழராக இருந்தால் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பார்.

எங்கள் உடற்கூறியல் புத்தகத்தில் சிறுநீரகம், மண்ணீரல் எங்கே பார்த்தாலும் மால்பீகி பெயர் வருகிறது. அப்படி என்ன செய்தார்?
(நர்சிங் மாணவி, வேலூர்)

ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று ஹார்வி என்ற இங்கிலாந்து மருத்துவர் 1628-இல் சொன்னார், ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. அதே 1628-இல் பிறந்த குழந்தை மால்பீகி. 1661-இல் தவளையின் நுரையீரலில் அந்த மெல்லிய குழாய்களை, தந்துகிகளை, இவர் பார்த்தார். இதற்காகத் தவளை இனத்தையே கிட்டத்தட்ட அழித்துவிட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். 1684-இல் வீடு தீப்பிடித்து நுண்ணோக்கிகளும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின, பாவம்.

ஹூக்கின் படத்தை நியூட்டன் எரித்துவிட்டார் என்பது உண்மையா?
(வாசகர், சென்னை)

சண்டை உண்மை. ஒளியைப் பற்றி ஒருமுறை, ஈர்ப்பைப் பற்றி ஒருமுறை, நன்றாகவே மோதிக்கொண்டார்கள். ஹூக் இறந்தது 1703 மார்ச், அதே வருடம் நவம்பரில் நியூட்டன் ராயல் சொசைட்டித் தலைவரானார், ஹூக்கின் படம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றுகூட இன்று இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்த கதைதான் நீங்கள் கேட்டது. எரித்ததற்குச் சாட்சி இல்லை.

வீட்டிலேயே நுண்ணோக்கி செய்ய முடியுமா மாமா? கண்ணாடியை உருக்கலாமா?
(ஆறாம் வகுப்பு மாணவன், ஈரோடு)

கண்ணாடியை உருக்காதே கண்ணா, அப்புறம் உன் அம்மா என்னை உருக்கிவிடுவார். 1696-இல் ஸ்டீஃபன் கிரே என்ற சாயக்காரர் கண்ணாடியே இல்லாமல் தண்ணீர்த் துளியை லென்ஸாக வைத்துப் பார்த்திருக்கிறார். நீயும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஊசியால் வட்டமான ஓட்டை போட்டு, அதில் ஒரு சொட்டுத் தண்ணீரை நிற்கவை. கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய், கீழே செய்தித்தாளை வைத்துப் பார். எழுத்து பெரிதாகத் தெரியும். கிரேவுக்கு இன்னொரு வேடிக்கையும் நடந்தது, அந்தத் துளிக்குள்ளேயே இருந்த குட்டி உயிர்கள் பெரிதாகி நீந்துவது தெரிந்ததாம். குழாய்த் தண்ணீரில் அதெல்லாம் எதிர்பார்க்காதே.

பல் துலக்காத ஆசாமிகளின் வாயை லூவன்ஹூக் பரிசோதித்தார் என்கிறார்களே, அவர் தன் பல்லைத் துலக்கினாரா?
(பல் மருத்துவர், மதுரை)

தினமும் உப்பு வைத்துத் தேய்ப்பார், பல்குச்சியால் குத்தி எடுப்பார், துணியால் அழுத்தித் துடைப்பார். அப்படியும் இடுக்கில் வெள்ளையாக மாவு மாதிரி ஒன்று சேர்ந்தது. 1683-இல் அதைச் சுரண்டி மழைத்தண்ணீரில் கலந்து பார்த்தார், ஒரே நெளிசல். ஆயுளில் பல்லே துலக்காத ஒரு கிழவரையும் பிடித்துவந்து பார்த்தார், அங்கே திருவிழாக் கூட்டம். தன் வாயில் இருக்கும் பிராணிகளின் எண்ணிக்கை டச்சு நாட்டு ஜனத்தொகையைவிட அதிகம் என்று எழுதினார்.

சில வருடம் கழித்து முன்பற்களில் சுரண்டினால் உயிரோடு ஒன்றுகூட இல்லை. யோசித்துப் பார்த்தார். காலையில் காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் வந்திருந்தது. சூடு முன்பல்லில் படுகிறது, பின்பல் வரை போகவில்லையோ என்று கடைவாயில் சுரண்டிப் பார்த்தார். அங்கே எல்லாம் சௌக்கியமாக இருந்தன.